முதல் குண்டு எங்கே போகிறது

2020 ஆகஸ்டில் என்னிடம் மிச்சம் இருந்தவை 11 தோட்டாக்கள். .308 வின்செஸ்டர் ரகம், 150 கிரெய்ன் எடையுள்ள செம்புக் குண்டு. கொரோனா காலத்தில் கலிபோர்னியா முழுக்கத் தோட்டா அலமாரிகள் காலியாகக் கிடந்தன. ஈயம் இல்லாத வேட்டைத் தோட்டாவைக் கண்ணால் பார்ப்பதே அரிது. அந்த 11-ம் என் ரைஃபிளுக்குப் பிடித்தவையும் அல்ல. 100 கெஜத்தில் ஐந்து சுட்டால் மூன்று அங்குலத்துக்குச் சிதறும். மானின் நெஞ்சுப் பகுதி அதைவிடப் பெரிது, அதனால் பரவாயில்லை என்று இரண்டு வருடம் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் விரலை விசையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. குண்டு எங்கே போகும் என்று தெரியாமல் ஓர் உயிர்மேல் சுடக் கூடாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். லேத் பட்டறையில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுட்டபின் மிஞ்சும் காலிக் கூடுகளைத் தூக்கிப் போடாதே, கொண்டுவா என்றார். அப்படித்தான் தோட்டாவைக் கையால் நிரப்பப் பழகினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது கலிபோர்னியாவில், வேட்டை உரிமமும் மான் டேக்கும் (மானுக்கான அனுமதிச் சீட்டு) வாங்கி, சட்டப்படி செய்ததைப் பற்றி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஊரில் இருந்து படிப்பவர்கள் இதை வேறொரு நாட்டு அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் செம்பு? நான் வேட்டைக்குப் போகும் சான் பெனிட்டோ கவுண்டி மலைகள் காண்டோர் என்ற பெருங்கழுகின் வானம். 1982-இல் உலகத்தில் மொத்தம் 22 காண்டோர்களே மிஞ்சியிருந்தன. 1987-இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்து இனம் பெருக்கி, 1992 முதல் திரும்ப வெளியே விட்டார்கள். வெளியே விட்டவை சாவதற்கு முதல் காரணம் ஈயம். ஈயக் குண்டு மானுக்குள் போகும்போது பொடியாக உதிரும். வேட்டைக்காரர் குடலை அங்கேயே விட்டுவிட்டுப் போவார், கழுகு வந்து அதைத் தின்னும். அதனால் காண்டோர் வாழும் பகுதிகளில் 2008 முதலும், மாநிலம் முழுக்க 2019 ஜூலை முதலும் ஈயத் தோட்டாவால் வேட்டையாடத் தடை.

இந்தச் சட்டத்தைப் பற்றி ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், முணுமுணுப்பவர்கள் நிறைய. எனக்கு அந்த முணுமுணுப்பு வரவில்லை. நான் சத்தியமங்கலம் பக்கம் வளர்ந்தவன். சின்ன வயதில் மாடு செத்தால் ஊருக்கு வெளியே இழுத்துப் போடுவார்கள், மதியத்துக்குள் பாறுகள் என்ற பிணந்தின்னிக் கழுகுகள் வந்து இறங்கிவிடும். கல்லூரிக்குப் போய்த் திரும்பிய வருடங்களில் வானம் காலியாகிவிட்டது. மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள், 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். இன்று மோயாற்றுப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. அங்கே ஊசி, இங்கே ஈயம். செத்த உடலுக்குள் மனிதன் விட்டுவைத்தது எதுவோ, அதுதான் பறவையைக் கொல்கிறது. அதனால் செம்புக் குண்டு எனக்குச் சட்டக் கட்டாயமாகத் தோன்றவில்லை.

சரி, மேசைக்கு வருவோம்.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்தான். பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே பவுடர், வாயில் குண்டு. சுட்டபின் கூடு மட்டும் மிஞ்சும். அதைக் கழுவி, பிரஸ்ஸில் டை என்ற அச்சை மாட்டிப் பழைய அளவுக்கு இறுக்கி, நீளம் பார்த்து வெட்டி, புதுப் பிரைமர் வைத்து, பவுடர் அளந்து போட்டு, குண்டை அமுக்கினால் மறுபடியும் தோட்டா. சொல்ல இவ்வளவுதான். .308 கூடு 2.015 அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் கூட்டின் கழுத்து ரைஃபிளின் அறைக்குள் மாட்டி, குண்டை விட மறுத்து, அழுத்தம் ஏறும். நான் 2.005-க்கு வெட்டிக்கொள்கிறேன்.

எத்தனை கிரெய்ன் பவுடர் என்ற எண்ணை இந்தக் கட்டுரையில் தேடாதீர்கள். வேண்டுமென்றே தரவில்லை. ஒருவர் ரைஃபிளில் சரியான அளவு இன்னொருவர் ரைஃபிளில் அபாயமாகலாம். குண்டு செய்த நிறுவனமும் பவுடர் செய்த நிறுவனமும் அச்சிட்ட அளவு நூல்கள் உண்டு. அந்தக் குண்டுக்கு, அந்தப் பவுடருக்கு அதில் தொடக்க அளவும் உச்ச அளவும் இருக்கும். தொடக்கத்தில் தொடங்கிச் சிறு சிறு படியாக ஏற வேண்டும். செம்புக் குண்டுக்கு ஈயக் குண்டின் அளவைப் போடவே கூடாது. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.96. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், கூட்டுக்குள் அதிக இடம் பிடிக்கும், பவுடருக்கு இடம் குறையும், அழுத்தத்தின் கணக்கே மாறிவிடும். நீளமான குண்டு நேராகப் பறக்கக் குழலின் உட்புறத்தில் வெட்டிய திருகுவரியும் அதை வேகமாகச் சுழற்ற வேண்டும். என் குழல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, கொஞ்சம் மெதுவானது. அதனால் ஈயத்தில் 165 கிரெய்ன் சுட்ட நான் செம்பில் 150-க்கு இறங்கினேன். அது 9.7 கிராம், ஒன்றேகால் சவரனுக்குச் சற்றுக் குறைவு.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கலாம். கைத்துப்பாக்கிப் பவுடரும் ரைஃபிள் பவுடரும் பார்க்க ஒன்றுபோலச் சாம்பல் பொடிதான், மாறிப்போனால் ரைஃபிளே வெடிக்கும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதன் சொந்த டப்பாவுக்கே திருப்பிவிட வேண்டும். பெரியவர் இதை எனக்கு மூன்று தடவை சொன்னார், மூன்றாவது தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மற்றொன்று வீட்டம்மா சொன்னது. ஒருநாள் கராஜுக்கு வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, அந்த மேசைல டீ டம்ளர வைக்காதீங்க, அந்தத் தூசியெல்லாம் என்னன்னு தெரியுமா?" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. சுட்ட கூட்டுக்குள் பிரைமர் கரி இருக்கிறது, அதில் ஈயச் சேர்மம் உண்டு. கூடுகளை உலர்ந்த முறையில் உருட்டிச் சுத்தம் செய்தால் அந்தத் தூசி வீடெல்லாம் பறக்கும். கழுகுக்காக ஈயத்தை விட்டவன் பிள்ளைகளுக்கு ஈயத்தை ஊட்டலாமா? அன்றிலிருந்து தண்ணீரில்தான் கழுவுகிறேன், கையுறை போடுகிறேன், மேசைப் பக்கம் தின்பதும் குடிப்பதும் இல்லை.

என் முதல் தவறு தராசில். ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கைத் தராசு நம்பிக்கையாகக் காட்ட வேண்டும். மருந்துத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடுதான் என் வேலை. தராசைக் காற்றுப்படாத கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்க வேண்டும் என்று தினமும் மற்றவர்களுக்குச் சொல்கிறவன். வீட்டில் மின்தராசை ஏசிக்கு நேர் கீழே வைத்துவிட்டேன். 24 தோட்டா நிரப்பி முடித்தபின் சோதனை எடைக்கல்லை வைத்தால் 0.4 கிரெய்ன் குறைத்துக் காட்டுகிறது. எப்போதிருந்து? தெரியாது. முதல் தோட்டாவிலா, இருபதாவதிலா? குறைத்துக் காட்டும் தராசை நம்பினால் கை அதிகமாகப் போடும். ஒவ்வொன்றாகத் தட்டிக் குண்டைக் கழற்றி, 24-ஐயும் கொட்டிவிட்டேன். இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது ஐந்து தோட்டாவுக்கு ஒருமுறை எடைக்கல் வைத்துப் பார்க்கிறேன். மாறியிருந்தால் கழற்ற வேண்டியது ஐந்துதான்.

அடுத்தது, என்னை அதிகம் யோசிக்க வைத்த சங்கதி. குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் அமுக்குவது? குண்டின் தோளுக்கும் குழலில் திருகுவரி தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி விட வேண்டும். லேத்துக்காரர்கள் 'தவ்' என்பார்களே, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, அந்தக் கணக்கில் பேசுவது. செம்புக் குண்டுக்கு 50 தவ் அளவில் தொடங்கு என்பது பொதுவான ஆலோசனை. நான் 30, 50, 70, 90 என்று நான்கு வகை செய்து, வகைக்கு மூன்று சுட்டேன். 70 தவ்வில் மூன்றும் 0.6 அங்குலத்துக்குள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன. 30 தவ்வில் 1.5. கண்டுபிடித்துவிட்டேன் என்று வீட்டுக்குப் போன் பண்ணினேன்.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு மருந்துத் தொகுதியில் மூன்று மாத்திரையை எடுத்துச் சோதித்துவிட்டு லட்சம் மாத்திரைக்கு யாராவது கையெழுத்துக் கேட்டால் போடுவேனா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, எல்லா அரிசியும் ஒரே கொதியில் வெந்ததால் சரி. சிதறல் அப்படி இல்லை. ஒவ்வொரு குண்டும் தனித்தனியாகத் தன் போக்கில் விழுகிறது, மூன்றே மூன்று விழுந்தால் அவை பக்கத்தில் பக்கத்தில் விழுவது தற்செயலாகவே அடிக்கடி நடக்கும். அடுத்த வாரம் 70-இலும் 50-இலும் பத்துப் பத்து செய்துகொண்டு போனேன். குழல் ஆற ஆறச் சுட்டேன், காலை முழுக்க எடுத்தது. 70 தவ்வில் 1.4 அங்குலம். 50 தவ்வில் 1.3. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்றுதான் அர்த்தம். போன வாரத்து 0.6 வெறும் அதிர்ஷ்டம்.

இது தெரியாமல் வருடக்கணக்கில் பவுடரையும் பிரைமரையும் தீர்ப்பவர்களை ரேஞ்சில் பார்க்கிறேன். மூன்று மூன்றாகச் சுட்டு, நன்றாக வந்த தாளைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொள்வார்கள். கெட்டுப்போன தாளுக்குக் காற்றைக் குறை சொல்வார்கள். எனக்கு இதில் வருத்தம்தான். பிரைமர் கிடைக்காத காலம் அது, அந்தச் செலவில் பாதியைப் படுத்தும் உட்கார்ந்தும் சுட்டுப் பழகச் செலவிட்டிருக்கலாம். நான் 50 தவ்வையே வைத்துக்கொண்டேன். காரணம் சாதாரணமானது: மேகசினுக்குள் தடையில்லாமல் போகிறது, வருகிறது.

இதற்கு முன்னால் ஒரு படி உண்டு, சொல்ல விட்டுவிட்டேன். செப்பு உறைக்குள் ஈய உள்ளீடு உள்ள குண்டு சுட்ட குழலை நன்றாகச் சுத்தம் செய்யாமல் செம்புக் குண்டுக்கு மாறக் கூடாது. என் முதல் நாள் குரூப், அதாவது குண்டுகள் சிதறிய அகலம், நான்கு அங்குலம். பழைய செப்புப் படிவை எல்லாம் கரைசல் போட்டு, துணியில் நீலக் கறை வருவது நிற்கும் வரைக்கும் தேய்த்து எடுத்தபின்தான் மேலே சொன்ன எண்கள் வந்தன. கடைத் தோட்டா மூன்று அங்குலம் சிதறியதற்கும் இதுவே பாதிக் காரணமாக இருந்திருக்கலாம்.

வெப்பம் இன்னொரு பாடம். நான் அளவு ஏற்றிச் சோதித்தது 2021 பிப்ரவரிக் காலையில், 6 டிகிரி. குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் சராசரி வினாடிக்கு 2,780 அடி. அறையை அடைக்கும் போல்ட் வழுக்கிக்கொண்டு திறந்தது, பிரைமரின் ஓரங்கள் வட்டமாகவே இருந்தன. குறை எதுவும் இல்லை. ஆனால் எங்கள் பகுதியில் ரைஃபிள் மான் வேட்டை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். அந்த மலைகளில் ஆகஸ்ட் என்றால் காய்ந்த புல்லும் 40 டிகிரியும்தான். ஜூலையில் ஒரு மதியம் அதே தோட்டாக்களை எடுத்துக்கொண்டு போனேன். பெட்டி ஒரு மணி நேரம் காரிலேயே இருந்துவிட்டது. முதல் சுடுக்குப் பின் போல்ட் கைப்பிடி மேலே வரவில்லை. உள்ளங்கையால் தட்டித் தூக்க வேண்டியிருந்தது. கூட்டின் அடியில், எழுத்துகளுக்கு நடுவே, பளபளப்பாக ஒரு சின்ன வட்டம். காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளைக்குள், அழுத்தம் மிகுந்து, பித்தளை பிதுங்கிய தடம் அது. குரோனோகிராஃப் 2,850-ஐத் தாண்டிக் காட்டியது. அளவு நூலில் உச்ச அளவுக்குப் போட்டிருந்த வேகத்தைவிட அதிகம். அன்று இரண்டாவது தோட்டாவை நான் சுடவில்லை.

வேகம் சும்மா கிடைக்காது. நூல் சொல்வதைவிட அதிக வேகம் வந்தால் நூல் சொல்வதைவிட அதிக அழுத்தம் உள்ளே இருக்கிறது, கூட்டில் தடம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். நான் போட்டிருந்தது வெப்பத்துக்கு எளிதில் மாறும் உருண்டை வகைப் பவுடர். அதை விட்டுவிட்டு, ஆஸ்திரேலியாவில் தயாராகி ஹாட்ஜ்டன் பெயரில் விற்கும் வார்கெட்டுக்கு மாறினேன். வெயிலிலும் குளிரிலும் அதிகம் ஆடாத வகை. மறுபடியும் தொடக்க அளவிலிருந்து. இம்முறை கடைசிச் சோதனையை வேண்டுமென்றே கோடை மதியத்தில் வைத்தேன், உச்சத்துக்குக் கணிசமாகக் கீழேயே நிறுத்திக்கொண்டேன். 50 அடி வேகம் குறைந்ததை எந்த மானும் உணரப்போவதில்லை.

குண்டு விரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். செம்புக் குண்டின் மூக்கில் குழி இருக்கும். சதையின் ஈரம் அதற்குள் அடித்து, பூ மாதிரி நான்கு இதழாக விரியும். வேகம் குறைந்தால் விரியாது, ஊசி மாதிரித் துளைத்துவிட்டுப் போய்விடும். மான் வெகுதூரம் ஓடி எங்கோ கிடந்து சாகும். இந்தக் குண்டுக்குச் சுமார் 2,000 அடிக்குக் கீழே போகக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். நண்பர் ஒருவரின் பண்ணையில் 250 கெஜத்தில் பால் கேலன்களில் தண்ணீர் நிரப்பி ஏழு வரிசையாக வைத்துச் சுட்டேன். ஐந்தாவது கேலனில் கிடைத்தது. நான்கு இதழும் முழுசாக, வெயிலில் புதுச் செம்புக் காசு மாதிரி மின்னியது. எடை 149.6 கிரெய்ன். ஒப்பிட்டுப் பார்க்க 165 கிரெய்ன் ஈயக் குண்டு ஒன்றையும் சுட்டேன். கிடைத்தது 104. மீதி 61 கிரெய்ன் எங்கே? தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். கரும்பொட்டுப் பொட்டாகத் துணி முழுக்க ஈயம். மானாக இருந்திருந்தால் அதில் பாதி குடலிலும் பாதி என் வீட்டு வறுவலிலும் இருந்திருக்கும். 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கு வேட்டைக்காரர்கள் தானமாகக் கொடுத்த மான் கறியில் ஈயத் துகள் தெரிந்து, கறியைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். அந்தத் துணியை மடித்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

கடைசிச் சோதனை பெரியவர் சொல்லிக் கொடுத்தது. மேசைமேல் மணல்மூட்டையில் சாய்த்துப் பத்து சுடுவது தோட்டாவைச் சோதிக்கும். வேட்டைக்கு அது பதில் சொல்லாது. வேட்டையில் உனக்கு ஒரே ஒரு சுடுதான், குழல் குளிர்ந்திருக்கும், மூச்சு வாங்கும். ஆகவே ஒரு தாளை எடுத்துக்கொள். ரேஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதல் குண்டை அந்தத் தாளில் மட்டும் சுடு. தாளைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ. அடுத்த நாள் அதே தாள்.

2022 மே முதல் ஜூலை வரை பத்து நாள், பத்து முதல் குண்டுகள், 100 கெஜம். மொத்தம் 1.9 அங்குலம். எந்த மூன்று குண்டு குரூப்பையும்விட எனக்கு அந்தத் தாள் பெரிது. பிறகு அதையே வேட்டையில் இருப்பதுபோல், ஊன்றுகோலில் சாய்த்து உட்கார்ந்து செய்து பார்த்தேன். ஐந்து அங்குலம். தோட்டா 1.9-க்குத் தயார், நான் ஐந்துக்குத்தான் தயார். மானின் நெஞ்சுப் பகுதியை எட்டு அங்குலம் என்று வைத்தால் 160 கெஜத்துக்குமேல் நான் சுடக் கூடாது என்று கணக்கு வந்தது. காகித டேப்பில் 150 என்று எழுதி ரைஃபிள் கட்டையில் ஒட்டிக்கொண்டேன்.

அந்த ஆகஸ்டில் இரண்டாவது வார இறுதியில், முதல் நாள் மாலை ஒரு கிளைக்கொம்பு மான் 230 கெஜத்தில் கருவாலி மரத்தடியில் பக்கவாட்டாக நின்றது. டேப்பைப் பார்த்தேன். நகர்ந்து கிட்டப் போக முயன்றேன், புல் சத்தத்தில் போய்விட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு இன்னொன்று, 130 கெஜம். ஊன்றுகோலை நட்டு, உட்கார்ந்து, மூச்சை விட்டு அழுத்தினேன். முப்பது கெஜம் ஓடி விழுந்தது. நுழைந்த இடம் சுண்டுவிரல் அகலம், வெளியேறிய இடம் ஒரு ரூபாய் அகலம், இரண்டு நுரையீரலும் போயிருந்தன. தோள் கறி ஒரு பிடிகூடக் கெடவில்லை.

வெயில் ஏறுமுன் தோலுரித்து, கறியைத் துணிப்பைகளில் கட்டி, காரில் இருந்த ஐஸ் பெட்டிக்கு மூன்று நடையாகச் சுமந்தேன். 38 டிகிரியில் கறி இரண்டு மணி நேரம் தாங்காது. குடலை அங்கேயே விட்டேன். மூன்றாவது நடைக்குத் திரும்பியபோது டர்க்கி வல்ச்சர் என்ற சிவப்புத் தலைக் கழுகுகள் ஆறு ஏழு இறங்கியிருந்தன. ஒன்று இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு கல்மேல் நின்றது. இறக்கையில் எண் பட்டை கட்டிய காண்டோர் ஏதும் வருகிறதா என்று மேட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்கு வரவில்லை. காலிக் கூட்டைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து அளந்தால் 2.009. நாலாவது சுடு என்று நோட்டில் எழுதி, கழுவப் போட்டேன்.